யோலாண்டின் இரண்டு மட்டைகள்

யோலாண்ட் பெகின் தனக்கென்று ஓர் ஐஸ் ஹாக்கி மட்டை வாங்கப் போனபோது அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. அதுவரை எத்தனையோ மட்டைகளைச் சுமந்திருக்கிறாள், காரின் பின்சீட்டில் குறுக்கே திணித்திருக்கிறாள், கராஜ் வாசலில் இரண்டு முறை தடுக்கி விழுந்தும் இருக்கிறாள். எல்லாம் மகனுடையவை. அவன் இப்போது ஒட்டாவாவில் வேலை கிடைத்துப் போய்விட்டான்.

அவளுக்குப் பல் மருத்துவமனையில் வேலை. பற்களில் படிந்த காரையைச் சுரண்டி எடுப்பது. அந்தச் சுரங்க ஊரில் யாருடைய முன்பல் சொந்தப் பல், யாருடையது கட்டிய பல் என்பது அவளுக்கு அத்துப்படி. நவம்பர் மாதம் ஒரு நாள் பெவ் வந்து நாற்காலியில் சாய்ந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், அறுபத்தோரு வயது, ‘கறுப்பு ஈக்கள்’ என்ற பெண்கள் ஹாக்கி அணிக்குத் தலைவி. வாயைக் கொப்பளித்துத் துப்பியவுடன் அவள் சொன்ன முதல் வார்த்தையே இதுதான்.

“எங்களுக்கு ஒரு ஆள் குறையுது. ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணி. வந்துடு.”

“நானா? சின்ன வயசுல உறைஞ்ச ஏரியில சறுக்கினதோட சரி பெவ்.”

“அது போதும். எங்க டீம்ல பாதிப் பேருக்கு அதுவும் கிடையாது.”

ஏன் சரி என்று சொன்னாள் என்று யோலாண்டுக்கே தெரியவில்லை. சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை கணவன் ரோசேரோடு மேனர்டின் கடைக்குப் போனாள். ஊரில் விளையாட்டுச் சாமான் விற்பது அந்த ஒரு கடைதான். மேனர்ட் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“எந்தக் கைம்மா?”

“வலது கை.”

“அப்போ வலது மட்டை.” ஒன்றை உருவி நீட்டினார். அதன் அடிப்பலகை உடம்புக்கு வலது பக்கம் வைத்து அடிக்கத் தோதாக வளைந்திருந்தது.

“அதெப்படி?” என்று குறுக்கே வந்தான் ரோசேர். “மேல இருக்கிற கைதான் மட்டையை ஆட்டும். வலது கைக்காரி வலது கையை மேல வைக்கணும். அப்போ மட்டை இடது பக்கமா வரும். அவளுக்கு இடது மட்டைதான்.”

“நீ எந்தக் கை?”

“நானும் வலதுதான்.”

“உன் மட்டை?”

“வலது மட்டை. அதான் நான் உருப்படாம போனேன்.”

கால் மணி நேரம் இருவரும் வாதாடினார்கள். கீழ்க்கைதான் பலம் என்றார் மேனர்ட். மேல்கைதான் மூளை என்றான் ரோசேர். யோலாண்ட் இரண்டு மட்டைகளையும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தாள். இரண்டுமே ஒட்டடைக் கம்பு போலத்தான் இருந்தன. கடைசியில் கடைக்காரர் சொன்னால் சரியாக இருக்கும் என்று வலது மட்டையை எடுத்துக்கொண்டாள்.

“எடை என்ன?” என்றார் மேனர்ட், உரத்த குரலில்.

“எதுக்கு?”

“எவ்வளவு விறைப்பான மட்டைன்னு பாக்கணும். உடம்பு எடையில பாதி. நூத்தி எழுபது பவுண்டுன்னா எண்பத்தஞ்சு நம்பர். நம்பர் ஏற ஏற விறைப்பு.”

காசு கொடுக்கும் இடத்தில் தெரிந்த முகங்கள் நான்கு நின்றன. அதில் ஒருத்தி அவளுடைய மருத்துவமனைக்கே வருகிறவள்.

“நூத்தி முப்பது,” என்றாள் யோலாண்ட்.

மேனர்ட் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு அறுபத்தைந்தாம் நம்பர் மட்டையை எடுத்து வைத்தார்.

அடுத்தது ஸ்கேட், அடியில் இரும்புக் கத்தி பதித்த சறுக்குக் காலணி. அவள் செருப்பு அளவு எட்டு. மேனர்ட் ஆறரை கொண்டுவந்தார். “நின்னா விரல் நுனி முன்னால லேசா உரசணும், ஆனா மடங்கக் கூடாது. குதிகால் அசையவே கூடாது.” அவளுக்கு விரல் உரசுகிறதா, மடங்குகிறதா என்பதே பிடிபடவில்லை. இரண்டுமே நடப்பது போலத்தான் இருந்தது. அவர் அவற்றை அடுப்பில் வைத்துச் சூடாக்கிக் கொண்டுவந்து காலில் மாட்டி, இறுகக் கட்டி, “பதினஞ்சு நிமிஷம் அசையாம உக்காரு, உன் கால் வடிவத்துக்கு வந்துடும்,” என்றார். சுடச்சுட இரண்டு ரொட்டிகளுக்குள் காலை விட்டதுபோல உட்கார்ந்திருந்தாள். அதற்குள் வெளியூர்ப் போட்டிக்குக் கிளம்பிய ஓர் அணி முழுவதும் கடைக்குள் நுழைய, கடை சந்தைக்கடை ஆகிவிட்டது. மேனர்ட் ஸ்கேட்டைப் பெட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் ஓடினார்.

ஞாயிறு காலை பனித்தரையில் முதல் அடி வைத்தாள். கால் எங்கோ போயிற்று. சோப்புத் தண்ணீர் ஊற்றிய தரையில் நிற்பதுபோல் இருந்தது. அரங்கத்தின் பக்கவாட்டுப் பலகையைப் பிடித்துக்கொண்டாள். பலகையை விட்டதும் விழுந்தாள், எழுந்ததும் மறுபடி விழுந்தாள். பக் எனப்படும் கறுப்பு ரப்பர் வட்டு அவளைத் தாண்டிப் பல முறை போய்வந்தது. ஒரு முறைகூட அவள் மட்டையில் படவில்லை.

உடை மாற்றும் அறையில் எல்லோரும் வைத்தியம் சொன்னார்கள். கயிற்றை மேல் ஓட்டைவரை கட்டாதே, கணுக்கால் மடங்க இடம் விடு என்றாள் பெவ். மேல் ஓட்டைவரை இறுக்கிக் கட்டு என்றாள் பக்கத்தில் இருந்தவள். மட்டையின் உயரம்தான் கோளாறு என்று, அவள் வெளியே வந்ததும் ரோசேர் கண்டுபிடித்தான். ஸ்கேட்டோடு நின்றால் தாடைக்கு வரவேண்டியது மூக்குக்கு வருகிறதாம். வீட்டுக்குப் போய் ரம்பத்தை எடுத்து இரண்டு அங்குலம் அறுத்துவிட்டான்.

அடுத்த ஞாயிறு பெவ் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். “யாரு அறுத்தது? அறுத்தா விறைப்பு கூடிப்போகும்னு தெரியாதா?”

யோலாண்டுக்கு அது நல்லதா கெட்டதா என்று புரியவில்லை. அவள் உண்மையான எடைக்கு விறைப்பு கூடினால் நல்லதுதானே? ஆனால் அதைச் சொன்னால் எடையைச் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டாள். அன்றும் விழுந்தாள்.

வாரம் முழுக்க அந்தப் பொய் அவளை அரித்தது. நோயாளியின் வாயில் கருவியை வைத்துக்கொண்டே, முப்பத்தெட்டு பவுண்டு குறைத்துச் சொன்னதால்தான் விழுகிறேனோ என்று யோசித்தாள். மட்டைக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்றும் தோன்றியது. ஆனால் இந்த விளையாட்டில் எல்லாவற்றுக்கும் ஒன்றோடொன்று சம்பந்தம் இருக்கிறது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை பட்டாணி சூப் குடிக்கும்போது ரோசேரிடம் ஒப்புக்கொண்டாள்.

“கடையில எடையை நான் குறைச்சுச் சொல்லிட்டேன்.”

“தெரியும். நான் உன் பின்னாடிதானே நின்னேன்.”

“அப்போ ஏன் சும்மா இருந்தே?”

“முப்பது வருஷமா குடும்பம் நடத்துறேன். அந்த இடத்துல வாயைத் தொறப்பேனா?”

சனிக்கிழமை அவனே போய் எண்பத்தைந்தாம் நம்பரில் ஒன்று வாங்கி வந்தான். இடது மட்டை. கேட்டால், மாற்றுவதுதான் மாற்றுகிறோம், கையையும் மாற்றிவிடலாம் என்றான்.

மூன்றாம் ஞாயிறு இடது மட்டையோடு இறங்கினாள். அன்று ஐந்து முறைதான் விழுந்தாள். ஆகா, கைதான் காரணம் என்று ரோசேர் துள்ளினான். யோலாண்டுக்கு அப்படித் தோன்றவில்லை. பாதி நேரம் அவள் இடத்தைவிட்டு நகரவே இல்லை, பிறகு எங்கே விழுவது?

திங்கட்கிழமை மாலை வேலை முடிந்ததும் ஸ்கேட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேனர்டின் கடைக்கு நடந்தாள். ரோசேரும் கூடவே வந்தான்.

“மேனர்ட், இதைத் திருப்பி எடுத்துக்கங்க. எனக்கு இது சரிப்பட்டு வரல. அளவு தப்பா, கால் தப்பா, இல்ல நானே தப்பான்னு தெரியல. கேக்கிற ஆளெல்லாம் ஒண்ணொண்ணு சொல்றாங்க.”

மேனர்ட் ஒரு ஸ்கேட்டை எடுத்துத் தலைகீழாகத் திருப்பினார். கட்டைவிரல் நகத்தை இரும்பின் விளிம்பில் வைத்துக் குறுக்கே இழுத்தார். நகத்தைப் பார்த்தார். இன்னொரு முறை இழுத்தார். மற்றதையும் எடுத்து அப்படியே செய்தார்.

“இதை யாருகிட்ட சாணை பிடிச்சே?”

“யாருகிட்டயும் இல்ல.”

“புது ஸ்கேட் மொட்டையாத்தான் வரும். சாணை பிடிக்காம ஐஸ்ல நிக்கவே முடியாதே. மூணு வாரமா இதுலயா ஆடினே?”

“நீங்க பிடிச்சுக் கொடுத்திருப்பீங்கன்னு…”

“நீ கேக்கல.”

“நீங்களும் கேக்கல!”

இருவரும் ரோசேர் பக்கம் திரும்பினார்கள். அவன் முப்பது வருடம் ஆடியவன். “மேனர்ட் பண்ணியிருப்பார்னு நினைச்சேன்,” என்று தொப்பியைக் கழற்றி உள்ளே எதையோ தேடுவதுபோலப் பார்த்தான்.

யோலாண்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். மகன் ஆடிய பத்து வருடமும் வாரம் தவறாமல் அவன் ஸ்கேட்டை இதே கடையில், இதே மேசையில் சாணைக்கு வைத்தவள் அவள்தான். தனக்கென்று வந்தபோது அது நினைவுக்கே வரவில்லை. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் கொஞ்சம் செய்தாள்.

“எந்திரிம்மா, இப்பவே பிடிச்சுத் தரேன்,” என்று மேனர்ட் சாணைக்கல்லை ஓடவிட்டார். பிறகு நிறுத்தினார். “கத்தி நடுவுல குழிவு எவ்வளவு வைக்கட்டும்? அரை அங்குல வட்டமா, அதைவிடப் பெரிய வட்டமா? சின்ன வட்டம்னா குழி ஆழம், நல்லாக் கவ்வும். பெரிய வட்டம்னா வழுக்கிட்டுப் போகும்.”

“ஐயோ,” என்றாள் யோலாண்ட்.

“அரை அங்குலம்,” என்றான் ரோசேர்.

“உன்னைக் கேக்கல,” என்றாள் அவள். பிறகு, “நடுவுல எதாவது இருந்தா அதை வைங்க,” என்றாள் மேனர்டிடம்.

நான்காம் ஞாயிறு அவள் பனியில் காலை அழுத்தினாள். பனி அவளைத் திருப்பி அழுத்தியது. நான்கே எட்டில் நடுக்கோட்டைத் தாண்டினாள். நிற்க வேண்டுமென்று நினைத்தாள், கத்தி கவ்விப் பிடித்ததில் கால் நின்றது, உடம்பு நிற்கவில்லை. விழுந்தாள்தான். ஆனால் இந்த முறை ஏன் விழுந்தோம் என்பது தெரிந்தது.

தடுப்புப் பலகையோரம் அவளுடைய இரண்டு மட்டைகளும் சாய்ந்திருந்தன. “இன்னிக்கு எது?” என்றாள் பெவ்.

அப்போதுதான் யோலாண்டுக்கு உறைத்தது. வலது மட்டை சரியில்லை என்று முடிவு கட்டியதும் மொட்டைக் கத்தியில், இடது மட்டை தேவலை என்று நினைத்ததும் மொட்டைக் கத்தியில். விறைப்பு, உயரம், கயிறு, எல்லாமே அப்படித்தான். மூன்று வாரமாகச் சேர்த்த பாடம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

முதல் பாதியை வலது மட்டையோடு ஆடினாள். வட்டு இரண்டு முறை அவளிடம் வந்தது, இரண்டு முறையும் வந்த வழியே போயிற்று. இரண்டாம் பாதியில் இடது மட்டையை எடுத்தாள். ஆட்டம் முடியச் சற்று முன் வட்டு மூலைக்கு உருண்டது. எதிரணிப் பெண் ஒருத்தியும் அதை நோக்கி வந்தாள். முதலில் போய்ச் சேர்ந்தது யோலாண்ட். போய்ச் சேருவோம் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அதனால் அடுத்து என்ன செய்வது என்று யோசித்து வைத்திருக்கவும் இல்லை.

“அடி!” “என்கிட்ட!” “சுத்திப் போ!” என்று மூன்று பக்கமிருந்தும் கத்தினார்கள்.

கண்ணை மூடிக்கொண்டு தள்ளினாள். வட்டு நேராகப் பெவ்விடம் போயிற்று. பெவ் அடித்தது கோல் கம்பத்தில் பட்டு ‘டங்’ என்று திரும்பியது. ஐந்துக்கு இரண்டு என்று தோற்றார்கள்.

“பாத்தியா, இடதுதான்னு நான் அன்னிக்கே சொன்னேன்,” என்றான் ரோசேர், குடுவையிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தபடி.

“கண்ணை மூடிக்கிட்டு அடிச்சேன். அதை எப்படிக் கணக்குல சேக்கிறது?”

டிசம்பரும் ஜனவரியும் அவள் இரண்டு மட்டைகளையும் மாற்றி மாற்றித்தான் ஆடினாள். ஒரு நாள் வலது பரவாயில்லை என்று தோன்றும், மறு வாரம் இடது. பிப்ரவரியில், அணியின் இருக்கைக்கு முன்னால் கிடந்த வலது மட்டையின் மேல் பெவ் ஸ்கேட்டோடு ஏறி மிதித்தாள். அது நடுவில் முறிந்தது. பெவ் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டாள். யோலாண்ட் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவள் இடது மட்டைக்காரி. அது அவளுக்குச் சரியான மட்டைதானா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.