அணைக்க முடியாத போன்

அந்தத் தெருவில் யாருடைய போன் கெட்டுப்போனாலும் எல்லாரும் கைகாட்டுவது மேட்டு முனைக் கடையைத்தான். கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வயிற்றை எக்கிக்கொள்ள வேண்டும். ஒரு மேசை, ஒரு விளக்கு, கண்ணில் மாட்டும் லென்ஸ், தும்மினால் பறந்துவிடுகிற அளவில் நூறு திருகாணிகள். அங்கே உட்கார்ந்திருந்தவளைத் தெரு ‘போன் டாக்டர்’ என்று கூப்பிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கே எப்போதாவதுதான் ஞாபகம் வரும்.

அந்த வருஷம் அவளிடம் வந்த போன்களில் பாதிக்கு ஒரு கோளாறும் இல்லை. வானிலை எச்சரிக்கையை அணைக்க வேண்டும், அவ்வளவுதான்.

குற்றம் சொல்லவும் முடியாது. அந்த எச்சரிக்கைக்கு மரியாதையே தெரியாது. போனை ஊமையாக்கி வைத்தாலும் தன் சொந்தக் குரலில் ஊளையிடும். விரலால் தொட்டு ‘சரி’ என்று ஒத்துக்கொள்ளும்வரை ஓயாது. ஒத்துக்கொண்டு படித்தால், ‘மாவட்டத்தில் ஆங்காங்கே கனமழைக்கு வாய்ப்பு. பொதுமக்கள் பாதுகாப்பாக இருக்கவும்’ என்று இருக்கும். மாவட்டத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ரயிலில் நான்கு மணி நேரம். எங்கோ மலையோரம் நாலு தூறல் விழுந்ததற்கு இங்கே துணி மடித்துக்கொண்டிருந்தவள் துள்ளி விழுவாள். ஒரே மாதத்தில் பதினெட்டு முறை. பதினெட்டு முறையும் இங்கே வெயில் பல்லைக் காட்டியது. புலி வருது புலி வருது கதைதான்.

போனுக்குள் நாலாவது பக்கத்தில் ஒளிந்திருக்கும் ஒரு பொத்தானை நகர்த்தினால் போதும். அரை நிமிஷ வேலை. முதலில் அவள் தன் போனில் அணைத்தாள். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். “புண்ணியமாப் போகும்மா” என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

அவள் அக்காவும் வந்தாள். தெரு சரிந்து கால்வாய்ப் பக்கம் இறங்கும் கீழ்க்கோடியில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்வது அக்காவின் பிழைப்பு. வாசலிலிருந்து ஆறு படி இறங்கினால், தரைக்குக் கீழே ஒரு நீள அறை. ஜன்னல் கிடையாது. வெயில் எட்டாது என்பதால் குழந்தைகளுக்குத் தூக்கம் கண்ணைச் சொருகும். மொத்தம் பதினொன்று, எல்லாம் மூன்று வயதுக்குள். இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை அங்கே ஈ பறந்தால்கூட அக்கா முறைப்பாள்.

“ஏன்டி, இந்தச் சனியன் வாயை அடைக்க வழியே இல்லையா? ஒண்ணொண்ணா தட்டித் தூங்க வெச்சிட்டு நிமிர்றேன், ஊன்னு கத்துது. பதினொண்ணும் எழுந்து ஒரே கச்சேரி!”

“அணைச்சா, நிஜமா வந்தாலும் கத்தாதுக்கா.”

“நிஜமா வந்தா வானம் சொல்லாதா? எனக்கென்ன கண்ணு இல்லையா?”

ஜன்னல் இல்லாத அறையில் இருப்பவள் பேசுகிற பேச்சா இது என்று தங்கைக்குத் தோன்றியது. ஆனால் அக்காவை எதிர்த்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. பொத்தானை நகர்த்திவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

இதில் பெரிய வேடிக்கை மழைக்காரர் வந்ததுதான். வானிலை அலுவலகத்தில் அந்த எச்சரிக்கைகளைத் தட்டச்சு செய்து அனுப்புகிறவரே அவர். கண்ணாடி நொறுங்கிய போனை மேசையில் வைத்தார்.

“லீவு நாள், நல்லா தூங்கிட்டிருந்தேன். எங்க ஆபீஸ் செய்தியே வந்து கத்துச்சு. பதறிப் போய்க் கீழ போட்டுட்டேன்.”

“தன்வினை தன்னைச் சுடும்னு சும்மாவா சொன்னாங்க சார்?”

“சொல்லுங்க, சொல்லுங்க. டிஸ்ப்ளே மாத்தும்போது அதையும் அணைச்சு வெச்சிடுங்க.”

“எந்தத் தெரு, எத்தனை மணின்னு எழுதினா யாரு சார் அணைக்கப் போறா?”

அவர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “ஒரு தடவை சொல்லாம விட்டோம், ஊரே காறித் துப்புச்சு. அதிலேர்ந்து மேகம் லேசா கறுத்தாலே அனுப்பிடறோம். தெருப் பேரு போட்டுத் தப்பாப் போச்சுன்னா யார் தலை உருளும்? வாசகத்துல ஒரு எழுத்து மாத்தணும்னாலும் மேல கையெழுத்து வேணும்மா.”

அவர் போனில் டச் செத்துப்போயிருந்தது. தொட்டால்தானே பொத்தானை நகர்த்த முடியும்? புதுக் கண்ணாடி வரட்டும் என்று, அதே கதியில் இருந்த வேறு நான்கு போன்களோடு அதையும் ஒரு டிரேயில் போட்டு வைத்தாள்.

பத்து நாள் ஒரு எச்சரிக்கையும் வரவில்லை. அதற்குப் பிறகு ஒரு பிற்பகல். மழையின் சுவடே இல்லை. வானத்தில் ஒரு வகை மஞ்சள் வெளிச்சம் மட்டும் தேங்கி நின்றது. அந்த வெளிச்சத்தில் தெரு, யாரோ நினைத்துப் பார்க்கிற தெருவைப் போலத் தெரிந்தது. எதிர்க்கடைக்காரர் நாற்காலியிலேயே உறங்கிப்போனார். ஒரு நாய் நடுத்தெருவில் நின்று காற்றை முகர்ந்துவிட்டு, மேட்டுப் பக்கமாக மெல்ல நடந்து போயிற்று. போன் டாக்டருக்கும் கண் செருகியது.

கனவில் அவள் மேசைக்கு அடியில் தண்ணீர் வந்திருந்தது. சத்தமே போடாமல், ரொம்ப நாள் பழகிய விருந்தாளி மாதிரி வந்திருந்தது. திருகாணிகள் ஒவ்வொன்றாக எழும்பி மிதந்தன. இரும்பு எப்படி மிதக்கும் என்று அவள் யோசித்தாள். கனவில் அதற்கும் ஒரு நியாயம் இருந்தது. காலை ஆட்டினால் சுகமாக இருந்தது. எங்கோ தூரத்தில் யாரோ ஊளையிட்டார்கள். சத்தம் நெருங்கி வந்தது.

விழித்தாள். டிரேயில் ஐந்து போன்களும் அலறிக்கொண்டிருந்தன.

அவளுடைய போன் மட்டும் அமைதியாக இருந்தது. தெருவும் அப்படியே இருந்தது. எதிர்க்கடைக்காரர் அசையவில்லை, ஒரு கதவும் திறக்கவில்லை. கெட்டுப்போன போன்கள் மட்டும்தான் கத்தின. நல்ல போன்கள் எல்லாம் சட்டைப்பையிலும் தலையணைக்கு அடியிலும் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தன. அத்தனை வாயையும் பொத்தியது அவள் கைதான்.

பத்தொன்பதாவது புலி என்று விட்டிருப்பாள். ஆனால் மழைக்காரர் போனின் விரிசலுக்குள் எழுத்து வேறு மாதிரி இருந்தது. ‘மலையோர மழையில் கால்வாய்க் கரை உடைந்தது. ஓரத்துத் தெருக்களின் கீழ்க்கோடிக்குப் பத்து நிமிடத்தில் தண்ணீர். இப்போதே மாடி ஏறுங்கள்.’

அக்காவைக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மணி இரண்டரை. அக்காவின் போன் எங்காவது ஒரு மூலையில் ஊமையாகக் கிடக்கும்.

டிரேயைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஐந்து போன்களும் அவள் கையில் ஒப்பாரி வைத்தன. தொட்டு அடக்க வழியில்லை. அதற்காக அவள் வாழ்க்கையில் முதல்முறையாகச் சந்தோஷப்பட்டாள். ஜன்னல்கள் திறந்தன. “அணைச்சுத் தொலைச்சியேம்மா, மறுபடியும் ஏன் உயிரை வாங்கறே?” என்று யாரோ கத்தினார்கள். “மாடிக்குப் போங்க! கரை உடைஞ்சிருச்சு!” என்று அவளும் கத்தினாள்.

அக்கா வாசலுக்கே வந்துவிட்டாள், உதட்டில் விரலோடு.

“அடியே, பைத்தியமா உனக்கு? இப்பதான்டி கண்ணை மூடிச்சுங்க!”

“தண்ணி வருதுக்கா!”

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். “ஒரு பொட்டு மேகம் இல்ல.”

“வானத்தைப் பார்க்காதே, இதைப் படி!”

அக்கா படித்தாள். திரும்பிப் படியிறங்கி ஓடினாள். கீழே கச்சேரி தொடங்கியிருந்தது. இரண்டு இடுப்பிலும் இரண்டு குழந்தைகளாக அக்கா ஏற, தங்கை ஏற, திட்ட வந்தவர்களே ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு மேல்மாடிக்கு ஓடினார்கள். அதற்குள் கால்வாய் முனையில் தண்ணீர் தெரிந்தது. அலை இல்லை, இரைச்சல் இல்லை. பழுப்புத் துணியை யாரோ பொறுமையாக விரித்துக்கொண்டு வருவதுபோல வந்தது.

மாடியில் அக்கா தலைகளை எண்ணினாள். மறுபடி எண்ணினாள். பத்து.

“கும்பகர்ணன்!” என்றாள்.

இடி விழுந்தாலும் எழாத ஒரு பயலுக்கு அவளே வைத்த பட்டப்பெயர் அது. அலமாரிக்குப் பின்னால் போட்டிருந்த ஸ்பாஞ்சு மெத்தைக்கு உருண்டு போய்த் தூங்குவது அவன் வழக்கம். அழுத குழந்தைகளைத்தான் எல்லாரும் தூக்கினார்கள். அழாதவனை யார் கண்டார்கள்?

தங்கை இறங்கி ஓடினாள். ஆறு படியில் நான்கு படிகளைக் காணோம். இடுப்பளவுத் தண்ணீருக்குள் இறங்கினாள். உள்ளே மங்கிய வெளிச்சத்தில் எல்லாம் மிதந்தன: ஒரு பந்து, துணிப் பொம்மை, இருபத்திரண்டு குட்டிச் செருப்புகள். அவள் கனவில் பார்த்த அதே தண்ணீர், அதே அமைதி. ஒரு கணம் அவளுக்கு எது விழிப்பு என்றே தெரியவில்லை.

அறை நடுவில் அந்த ஸ்பாஞ்சு மெத்தை மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. அதன்மேல் பயல், வாயில் கட்டைவிரலோடு, நல்ல தூக்கத்தில்.

மெத்தையின் மூலையைப் பிடித்து இழுத்தாள். அவசரப்பட்டால் கவிழும். மூச்சைக்கூட எண்ணி எண்ணி விட்டாள். படியருகே வந்ததும் அவன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். பரிச்சயமான முகம்தான் என்று திருப்திப்பட்டு மறுபடி மூடிக்கொண்டான். அவனைத் தோளில் போட்டுக்கொண்டபோதுதான் அவளுக்கு அழுகை பொங்கியது.

மேலே அக்கா அவனை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை.

“நான்தான் அணைச்சேன்கா,” என்றாள் தங்கை.

“நான் சொல்லித்தானடி அணைச்சே. ரெண்டு மணி நேரத் தூக்கத்துக்குப் பதினொரு உயிரை வெச்சுச் சூதாடியிருக்கேன்.”

மறுநாளிலிருந்து கடையில் மறுபடி கூட்டம். இப்போது பொத்தானை எதிர்ப்பக்கம் நகர்த்த வேண்டும். மழைக்காரரும் வந்தார். கையெழுத்துக்குக் காத்திராமல் தானே எழுதி அனுப்பியதற்கு விளக்கம் கேட்டிருக்கிறார்களாம். “தப்பா எழுதினேனா?” என்று சின்னப் பிள்ளை போலக் கேட்டார். அவள் புதுக் கண்ணாடி போட்ட போனைக் கொடுத்து, “இப்படியே எழுதுங்க சார். விளக்கத்துக்கு எங்க தெருவே வந்து கையெழுத்துப் போடும்,” என்றாள். அவர் போனை அவள் அணைக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, இன்னொரு பிற்பகல், இரண்டே காலுக்குத் தெரு முழுக்க போன்கள் அலறின. ‘கீழ்க்கோடியில் நான்கு மணிக்குள் பலத்த காற்று. கூரைத் தகடுகளிலிருந்து விலகி இருக்கவும்.’ மறு நிமிஷம் அக்கா கூப்பிட்டாள். இப்போது அவள் இடம் மேல்மாடியில். பின்னணியில் கச்சேரி உச்சத்தில் இருந்தது.

“இப்பதான்டி தூங்கிச்சுங்க. எல்லாம் எழுந்து அழுவுது.”

“அணைச்சிடட்டுமாக்கா?” என்றாள் தங்கை, சும்மா சீண்ட.

“வாயைக் கழுவுடி! அழட்டும். நல்லா அழட்டும்.”

தங்கை காதோடு போனை அழுத்திக்கொண்டு கேட்டாள். எண்ணத் தொடங்கினாள். “பத்துக் குரல்தான் வருது.”

“அவனா? தூங்கறான். என் மடியிலதான் இருக்கான்.”