தம்பி பெயரில் ஒரு சிம்

இரண்டு கம்பெனிகள் கல்யாணம் செய்துகொண்டால் நமக்கென்ன என்றுதான் முதலில் இருந்தேன். என்னுடைய போன் கம்பெனியை ஒரு பெரிய கம்பெனி தன்னோடு சேர்த்துக்கொண்டது. டிவி சேனல், சினிமா எல்லாம் அவர்கள் கையில்தான் இருக்கிறதாம். 'நாங்கள் ஒன்றாகிவிட்டோம், இனி உங்களுக்கு மகிழ்ச்சி' என்று மெசேஜ் வந்தது. எனக்கு எது மகிழ்ச்சி என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

நான் செல்லக்கிளி. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் ரோட்டில் ஜாக்கெட் தைக்கிற கடை வைத்திருக்கிறேன். எனக்கென்று மிச்சமிருப்பவன் ஒரே தம்பி, நல்லதம்பி. அவன் ஆசைப்பட்ட பெண்ணைத் துறையூரில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அந்த வாரமே வடக்கே போகிற லாரியில் டிரைவராக ஏறிவிட்டான். ஏறுவதற்கு முன்னால் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

"பேசுனா அழுதுருவேன்க்கா. போய்ச் சேர்ந்த எடத்துலேர்ந்து ரெண்டு ரிங் விட்டு கட் பண்ணிடறேன். நீ எடுக்காத. நான் நல்லா இருக்கேன்னு நெனச்சுக்க."

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் இருந்தது. பஸ் ஏறினால் ஒரு மிஸ்டு கால், இறங்கினால் ஒரு மிஸ்டு கால். அப்படி வளர்ந்தவன், வாழ்க்கையையே மிஸ்டு காலாக்கிவிட்டான். போன் கையில் இருந்தால் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுவிடுவோம் என்ற பயத்தில் சொந்தமாகப் போனும் வைத்துக்கொள்ளவில்லை. தாபாக்காரர் போன், பெட்ரோல் பங்க் போன், கூட வந்த டிரைவர் போன் என்று ஒவ்வொரு தடவையும் வேறு வேறு நம்பர். மனசு கேட்காமல் நான் திருப்பி அடித்தால் யாரோ இந்தியில் அதட்டுவார். இவன் அதற்குள் அடுத்த ஊருக்குப் போயிருப்பான்.

ஆனாலும் அந்த இரண்டு ரிங் வந்துவிட்டால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கும். மிஷினை நிறுத்திவிட்டு, அது அடித்து ஓயும்வரை போனைத் தடவிக்கொண்டிருப்பேன்.

அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது என்னுடைய அந்த ஒரு நம்பர்தான். அவன் போன பிறகுதான் நான் உறையூரை விட்டு இங்கே குடிவந்தேன். இந்த விலாசம் அவனுக்குத் தெரியாது.

கம்பெனிகள் சேர்ந்து கொஞ்ச நாளில், சிம்மைச் சரிபார்க்க வேண்டும் என்று மெசேஜ்மேல் மெசேஜாக வந்தது. முன்பு என்றால் வடக்கு வாசலில் பழைய கம்பெனி கடை இருந்தது. அங்கே ஸ்டீபன்ராஜ் என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போடுவார். ஒன்றாகச் சேர்ந்த கையோடு அந்தக் கடையை மூடிவிட்டார்கள். தில்லைநகர் ஷோரூமுக்குப் போனேன். அங்கே ஒரே ஏசி, ஒரே பாட்டு. கம்ப்யூட்டரைப் பார்த்த பெண் நிமிர்ந்தாள்.

"மேடம், இந்த சிம் நல்லதம்பிங்கிறவர் பேர்ல இருக்கு. அவங்க நேர்ல வந்து கைரேகை வைக்கணும்."

அவன்தான் வாங்கிக் கொடுத்தான், அவன் ஆதாரில். நம் ஊரில் யார் வீட்டில்தான் அவரவர் சிம் அவரவர் பெயரில் இருக்கிறது?

"அவன் வரணும்னுதாம்மா இந்த நம்பரையே வச்சிருக்கேன்" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. வேறு கம்பெனிக்காவது மாற்றித் தா என்றேன். அதற்கும் அவன்தான் வர வேண்டுமாம்.

நுகர்வோர் சங்கத்து பீமராவ் என் வாடிக்கைக்காரியின் வீட்டுக்காரர். அவரிடம் போய் அழுதேன். "முன்னெல்லாம் ஏழெட்டு கம்பெனி இருந்துச்சும்மா. வாடிக்கை போயிடுமேன்னு பயந்து நடந்துக்குவாங்க. இப்ப நீங்க கோவிச்சுக்கிட்டு எங்க போவீங்க?" என்றார். புகார் எழுதி அனுப்பினார். 'உங்கள் குறை தீர்க்கப்பட்டது' என்று பதில் வந்தது. அந்த வாரமே என் போன் செத்துப்போனது.

புது சிம் வாங்கினேன். பழைய நம்பரை அதில் 'தம்பி சிம்' என்று பதிந்து வைத்தேன். தினமும் கடை திறந்ததும் அதற்கு அடிப்பேன். உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் சொல்லுவாள். அவளைத் திட்டிவிட்டு மிஷினில் உட்காருவேன். அவன் எங்கேயோ ஒரு தாபாவில் நின்று இதே குரலைக் கேட்டிருப்பானே, அக்கா செத்துவிட்டாள் என்று நினைத்திருப்பானே என்று யோசித்து, தைத்ததையே பிரித்துத் தைப்பேன்.

ஆடி மாதத் தையல் நெருக்கடியில் சில வாரம் அடிக்காமல் விட்டிருந்தேன். ஆடிப்பெருக்கு முடிந்த மறுநாள் அடித்தபோது, அந்த நம்பரில் ரிங் போனது.

"யாருங்க?" என்றது ஒரு சின்னக் குரல். ஆம்பூரில் இருக்கும் ஹாஜிராவாம். கம்பெனி என் நம்பரை அவளுக்குப் புது நம்பர் என்று விற்றிருக்கிறது. விஷயத்தை முழுக்கச் சொல்லிவிட்டு, மிஸ்டு கால் ஏதாவது வந்ததா என்று கேட்டேன்.

"வந்துச்சுக்கா. ரெண்டு ரிங் அடிச்சு நிக்கும். யாரோ வம்பு பண்றாங்கன்னு நெனச்சு, போன வாரம் டக்குனு எடுத்துட்டேன்."

"ஏதாச்சும் பேசுனானா?"

"'அக்கா'ன்னாங்க. நான் ராங் நம்பர்னு சொல்லி வச்சுட்டேன். மாஃப் பண்ணிடுங்கக்கா."

இத்தனை காலம் பேச மாட்டேன் என்றிருந்தவன், நான்தான் எடுத்துவிட்டேன் என்று நம்பி அக்கா என்று கூப்பிட்டிருக்கிறான். நான் ஏங்கிக் கிடந்த அந்த ஒரு சொல் ஆம்பூரில் யாரோ ஒரு பெண்ணின் காதில் விழுந்திருக்கிறது. கடையில் ஆள் இருப்பதையும் மறந்து அழுதேன். அந்தப் பக்கம் ஹாஜிராவும் அழுதாள். மறுபடி வந்தால் எடுத்து என் புது நம்பரைச் சொல்வதாக அல்லாஹ்மேல் ஆணையிட்டாள்.

அவனும் பிறகு கூப்பிடவில்லை போலிருக்கிறது. ஆவணி போனது, புரட்டாசி போனது. தீபாவளி ஜாக்கெட்டுகள் கழுத்தளவு குவிந்து கிடந்த ஒரு சாயங்காலம், 'தம்பி சிம்' என்று போன் ஒளிர்ந்தது.

"அக்கா, இப்பத்தான் அடிச்சாங்க. எடுத்தவுடனே, 'உங்கக்கா நல்லாருக்காங்க, நம்பர் சொல்றேன் வைக்காதீங்க'ன்னேன். ரெண்டு தடவை சொன்னேன். ஒண்ணுமே பேசலக்கா. மூச்சு மட்டும் கேட்டுச்சு. எழுதிக்கிட்டாங்களான்னு தெரியல."

போனை மிஷின் பலகையில் வைத்தேன். ஊசியில் நூல் கோக்கப் பார்த்தேன், முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் தெரியாத நம்பர் ஒன்று அடித்தது. ஒரு ரிங். எடுக்கக்கூடாது என்று அவன் சொன்னது நினைவிருந்தது, கையைக் கட்டிக்கொண்டேன். இரண்டாவது ரிங். நல்லா இருக்கிறான், அது போதும் என்று கண்ணைத் துடைத்தேன்.

போன் நிற்கவில்லை. மூன்றாவது ரிங் அடித்தது.