பளக்கா

எழுதும்போது எனக்கு 'ழ' பிசகாது. கை சரியாகத்தான் போடும். நாக்குதான் போய் 'ள'வில் உட்கார்ந்துகொள்ளும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அப்படித்தான். என் வீட்டுக்காரர், மாமியார், கொழுந்தன், ஒருத்தர் பாக்கியில்லை. ஆனால் ஊரே சிரித்தது என்னைப் பார்த்து மட்டும்தான். அதற்குக் காரணம் அந்தக் கொழுந்தன். நாசமாய்ப் போக.

அவன் இணையத்தில் சுத்தத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவன். வாயில் பென்சிலைக் கடித்துக்கொண்டு குளியலறையில் மாசக்கணக்கில் பழகி, கேமரா முன்னால் மட்டும் நாக்கை மடிப்பான். கேமராவை அணைத்துவிட்டால் "வளி விடுங்க அண்ணி"தான். நான் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் மைக்கில் அறிவிப்புச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சோப்பு அடுக்குக்குப் பின்னால் நின்று என்னைப் படம் பிடித்திருக்கிறான். வாளப்பளம் கீள்த்தளத்தில் கிடைக்கும் என்றேன், அவ்வளவுதான். அதில் ஒரு கோமாளிச் சிரிப்பை ஒட்டி, 'தமிழைக் கொல்லாதீர்கள்' என்று தலைப்பும் வைத்துப் போட்டுவிட்டான்.

லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள். மேனேஜர் மைக்கை வாங்கிக்கொண்டு என்னைக் காய்கறி எடைபோடும் இடத்துக்குத் தள்ளினார். அங்கேயாவது விட்டார்களா? தராசில் தக்காளியை வைத்துவிட்டு, 'கோழி' சொல்லுங்கள் அக்கா என்று போனை நீட்டினார்கள். 'பளக்கா' என்று எனக்குப் பேரே வந்துவிட்டது. வீட்டில் வந்து அழுதால், தம்பி விளையாட்டுக்குச் செய்தான், விடு என்றார் என் வீட்டுக்காரர். கொழுந்தனோ, ஓசியில் பிரபலமாக்கியிருக்கிறேன், சந்தோஷப்படுங்கள் அண்ணி என்றான்.

என் பேச்சு சுருங்கிப்போனது. மழையைத் தூறல் என்றேன். வியாழக்கிழமையைப் புதனுக்கு மறுநாள் என்றேன். கேட்டால் சிரிப்பு வரும், எனக்கே வந்தது. ஆனால் பெற்ற மகளை என்ன செய்வது? பிறந்ததிலிருந்து அவள் எனக்கு 'அளகி'. பள்ளிக்கூடத்தில் போட்ட பேர் வேறு. அதைச் சொல்லி நான் அவளைக் கூப்பிட்டதே இல்லை. இப்போது ஏய் என்றேன், இந்தா என்றேன். ஒரு காலையில் ஷூவை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"எம்மேல கோவமாம்மா? அளகின்னு கூப்பிடவே மாட்டேங்கிற."

கொழுந்தனை விடக்கூடாது என்று அப்போதே முடிவுகட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் உட்கார்ந்து அவன் நேரலையில் பாடம் எடுப்பான். விளக்கெல்லாம் போட்டு, சட்டைக்கு இஸ்திரி போட்டு, கல்யாண மாப்பிள்ளை கெட்டான். சின்ன வயதில் எந்நேரமும் மூக்கு ஒழுகிக்கொண்டே இருந்ததால் மாமியார் அவனுக்கு ஒரு பேர் வைத்திருந்தார். அதைக் கேட்டாலே அவனுக்குக் கோபம் தலைக்கேறும். நான் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நேரே கேமராவுக்குள் போய் நின்றேன்.

"சாப்பிட வாப்பா மூக்கொளுகி. ஆறிப்போவுது."

பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து, வருகிறேன் அண்ணி என்றான். நான் நகரவில்லை. காதில் விழவில்லையா மூக்கொளுகி என்று இன்னொரு தரம் கேட்டேன். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"வெளிய போங்க! உங்க மூஞ்சில முளிச்சாலே எளவு விளுந்த மாதிரிதான்."

ஒரே மூச்சில் அத்தனையும் 'ள'. பென்சில் கடித்தது வீண். நான் கேமராவைப் பார்த்துத் திரும்பினேன்.

"கேட்டீங்கல்ல? இவரு நாக்கும் எங்க வீட்டு நாக்குதான். பெத்த பொண்ண அளகின்னு கூப்பிடக்கூட என்னைக் கூச வெச்சது இந்த வாத்தியார்தான்."

சாயங்காலத்துக்குள் அவன் 'எளவு வாத்தியார்' ஆகிவிட்டான். பாடம் கேட்டவர்கள் கொத்துக்கொத்தாக விலகினார்கள். அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டவன் சாப்பிடக்கூட வரவில்லை. குடும்ப மானத்தைக் கப்பலேற்றிவிட்டாய் என்று என் வீட்டுக்காரர் குதித்தார். குதிக்கட்டும். நான் இரண்டாம் தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன். நெஞ்சு அப்படிக் குளிர்ந்திருந்தது.

மறுநாள் பள்ளி விடும் நேரத்துக்கு வேண்டுமென்றே முன்னதாகப் போனேன். அத்தனை அம்மாக்களும் நிற்கட்டும், கேட்கட்டும் என்று வாய்நிறைய "அளகி!" என்று கூப்பிட்டேன். மகள் திரும்புவதற்குள் அவளுக்குப் பின்னாலிருந்து பத்துப் பிள்ளைகள் என் குரலிலேயே, என் இழுப்போடே, அளகி அளகி என்று கத்திச் சிரித்தார்கள். முந்தின நாள் நேரலையை அவர்களும் பார்த்திருக்கிறார்கள். வீட்டுக்குள் இருந்த பேரை நானே ஊருக்குக் கொடுத்திருக்கிறேன்.

மகள் தலையைக் குனிந்துகொண்டு வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இனிமே அப்படிக் கூப்பிடாதம்மா. எல்லாரும் அப்படித்தான் கூப்பிடறாங்க."

சரி என்றேன். கொழுந்தன் மேல் இருந்த ஆத்திரம் ஒரு துளி குறையவில்லை, ஆனால் இனி அவனை என்ன செய்து என்ன? பாதி வழியில் அவளுடைய பள்ளிக்கூடப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன். யார் வீட்டுப் பிள்ளையையோ கூப்பிடுவதுபோல் இருந்தது. அவள் உடனே, "என்னம்மா?" என்றாள்.