டாஃபிக்குக் கொடுத்த மாத்திரை

மேல்வீட்டு ஸஹானா கனடாவுக்குக் கிளம்பியபோது நாயைக் கொண்டுபோக முடியவில்லை. "மூணு மாசம் மட்டும் பாத்துக்கோங்கக்கா, அதுக்குள்ள ஏதாவது ஏற்பாடு பண்ணிடறேன்" என்று கெஞ்சி, டாஃபியை ஜெரூஷாவிடம் விட்டுப் போனாள். மூன்று மாதம் ஒரு வருடமாயிற்று.

ஜெரூஷாவுக்கு ஏற்கெனவே கை நிறையப் பாடு. கீழ்க்கட்டளையில் ஒரு சின்ன மருத்துவமனையில் இருபது வருடமாக நர்ஸ் வேலை. பீர்க்கன்கரணை வீட்டில் அவளும் அப்பா சவுரிமுத்துவும்தான். தாம்பரம் ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருடமாக அவருக்கு ஓய்வு பெற்றதே நினைவில்லை. விடிந்ததும் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார். ஒருமுறை வண்டலூரில் கிடைத்தார். ஒருமுறை ஏரிக்கரைச் சேற்றில் முழங்கால் வரை புதைந்து நின்றார்.

டாஃபி கோலி இனம். நீண்ட மூக்கு, கழுத்தைச் சுற்றி வெள்ளை மயிர், சென்னை வெயிலுக்குக் கொஞ்சமும் ஒத்துவராத உடம்பு. சூரியன் ஏறுவதற்குள் நடக்க விட வேண்டும். மதியத்தில் ஈரத் துணி விரித்த தரையில் படுக்க வைக்க வேண்டும். வாரம் மூன்று நாள் அரைமணி நேரம் சீவாவிட்டால் காதுக்குப் பின்னால் மயிர் சிக்கிக் கட்டியாகிவிடும். முதல் மாதம் அது ஜெரூஷாவின் குதிகாலைக் கவ்விக் கவ்வி இழுத்தது. அவள் கோபமாக ஸஹானாவுக்குப் போன் செய்தாள்.

"அது ஆடு மேய்க்கற ஜாதிக்கா" என்றாள் ஸஹானா. "கூட்டத்துலேர்ந்து யாரும் தனியா போயிடக் கூடாது அதுக்கு."

அதன் அர்த்தம் ஒரு காலையில்தான் விளங்கியது. அப்பா கேட்டைத் திறந்து வெளியே கால் வைத்தார். டாஃபி ஓடிவந்து குறுக்கே நின்றது. குரைக்கவில்லை. அவர் இடப்பக்கம் திரும்பினால் அங்கே நின்றது. வலப்பக்கம் திரும்பினால் அங்கே. தோளால் அவர் முழங்காலை மெல்லத் தள்ளித் தள்ளி உள்ளே கொண்டுவந்தது.

"தள்ளு, ஷிஃப்ட்டுக்கு டைம் ஆயிட்ச்சு" என்று திட்டினார். கடைசியில் களைத்துப்போய் படியில் உட்கார்ந்தார். டாஃபி அவர் காலடியில் படுத்துக்கொண்டது.

அன்றிலிருந்து தினமும் இதே கதைதான். ஜெரூஷா வேலைக்குப் போகும்போது பக்கத்து வீட்டுக் கங்கையம்மாளிடம் அப்பாவுக்குச் சாப்பாடு போட மட்டும் சொன்னாள். பார்த்துக்கொள்ளச் சொல்லவில்லை. பார்த்துக்கொள்ள டாஃபி இருந்தது.

நவம்பர் மழைக்குப் பிறகு உண்ணி வந்தது. காது மடலில், விரல் இடுக்கில், கழுத்து மயிருக்கு அடியில். தினமும் முப்பது, நாற்பது பிடுங்கினாள். கடையில் வாங்கிய ஸ்ப்ரே அவற்றை அசைக்கவில்லை. டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும்தான். ஆனால் முன்னெல்லாம் அப்பாவைத் தேடியலைந்ததிலேயே அவளுடைய லீவு முழுக்கத் தீர்ந்திருந்தது.

"ஐவர்மெக்டின் மாத்திரை குடு சிஸ்டர்" என்றாள் மருத்துவமனை ஃபார்மசியில் இருந்த வேதா. "எங்க வூட்டு நாய்க்கு அதான் குடுத்தோம். ரெண்டே நாள்ல எல்லாம் கொட்டிட்ச்சு."

ஞாயிற்றுக்கிழமை காலை ஜெரூஷா டாஃபியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷின் மேல் நின்றாள். தன் எடையைக் கழித்தால் இருபத்திரண்டு கிலோ. கணக்குப் போட்டு, ஒரு மாத்திரையை இட்லிக்குள் வைத்து ஊட்டினாள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு மாதா கோவிலுக்குப் போனாள்.

மதியம் திரும்பியபோது டாஃபி சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. வாயிலிருந்து எச்சில் ஒழுகியது. கூப்பிட்டால் குரல் வந்த திசைக்குத் திரும்பியது, ஆனால் அவளைப் பார்க்கவில்லை. கண்மணி இரண்டும் அகலமாக விரிந்திருந்தன. இரண்டடி வைத்ததும் பின்னங்கால் மடங்கி விழுந்தது.

மேற்குத் தாம்பரத்தில் ஞாயிறும் கிளினிக் திறக்கும் கால்நடை டாக்டர் இருப்பது அவசரமாக விசாரித்தபோதுதான் தெரிந்தது. அந்த டாக்டர் ஜீவானந்தம், "என்ன குடுத்தீங்க?" என்று கேட்டார். அவள் மருந்தின் பெயர், அளவு, கொடுத்த நேரம் எல்லாவற்றையும் வார்டில் சொல்வதுபோல் வரிசையாகச் சொன்னாள். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"கோலிக்கு இதைக் கொடுக்கவே கூடாதும்மா. நிறைய கோலிக்கு இந்த மருந்து மூளைக்குள்ள போகாம தடுக்கற சக்தி பிறவியிலேயே கிடையாது. வேற ஜாதியா இருந்தா பெரும்பாலும் ஒண்ணும் ஆயிருக்காது."

"மாத்து மருந்து?"

"இல்ல. ட்ரிப்ஸ் போட்டுக் காத்திருக்கலாம். சில நாய் பொழைச்சிருக்கு."

மூன்று நாள் சம்பளம் போனாலும் போகட்டும் என்று அவள் வீட்டிலேயே இருந்தாள். இரண்டு மணிக்கொருமுறை டாஃபியைப் புரட்டிப் போட்டாள். மூடாத கண்களுக்குச் சொட்டு மருந்து விட்டாள். நனைந்த துணியை மாற்றினாள். டாக்டர் காலையும் மாலையும் வந்து ட்ரிப்ஸ் ஏற்றினார். அப்பா நாயைத் தாண்டித் தாண்டி நடந்தார். "யார் வூட்டு நாய் இது, நடுவுல படுத்துகினு கீது?" என்றார்.

புதன்கிழமை மதியம் மூச்சு நின்றது.

ஸஹானாவுக்குப் போன் செய்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

"எனக்குத் தெரியும்க்கா" என்றாள் ஸஹானா. "அதுக்கு அந்த மருந்து ஆகாதுன்னு குட்டியிலேயே டாக்டர் சொல்லியிருந்தார். ஊருக்குக் கிளம்பற அவசரத்துல உங்ககிட்ட சொல்லல."

ஜெரூஷாவுக்குக் கோபம் வரவில்லை. ஆறுதலும் வரவில்லை. "நானும் யாரையும் கேக்கல" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

வெள்ளிக்கிழமை அவள் வேலைக்குப் போயிருந்தபோது அப்பா வெளியே போய்விட்டார். சாயங்காலம் பெருங்களத்தூர் தண்டவாளத்தின் ஓரம் ரயில்வே போலீஸார் அவரைப் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். ஒரு காலில் செருப்பில்லை. கட்டைவிரல் நகம் பெயர்ந்து ரத்தம் காய்ந்திருந்தது. அவளைப் பார்த்ததும், "வண்டி இன்னும் வரல" என்றார்.

அடுத்த வாரம் முடிச்சூரில் உள்ள முதியோர் இல்லத்துக்கு அவரை அழைத்துப் போனாள். படிவத்தில், சேர்ப்பதற்கான காரணம் என்ன என்று ஒரு கட்டம் இருந்தது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அங்கிருந்த பெண் அப்பாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். அவர் தடுக்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. ஜெரூஷா அவருடைய மாத்திரைகளை மேசைமேல் எடுத்து வைத்து, எதை எப்போது கொடுக்க வேண்டும், எதை எக்காரணம் கொண்டும் கொடுக்கக் கூடாது என்று இரண்டு முறை சொன்னாள்.