ஆரஞ்சைத் தோல் அறாமல் உரிக்கத் தெரிந்தவர் தேவை

மூன்றாம் மாடியில் விளம்பரத்திலிருந்து பிறக்காத ஒரே ஆராய்ச்சியாளன் தான்தான் என்று புள்ளி அறிவித்தபோது உணவகத்தில் யாரும் சிரிக்கவில்லை. அப்படியும் இருக்குமோ என்று அவரவர் மனதுக்குள் கணக்குப் போட்டார்கள். புள்ளி என்பது புள்ளியியல்காரனுக்கு அந்தப் பல்கலைக்கழக மருத்துவ ஆராய்ச்சித் துறை வைத்த பெயர். மருந்து வேலை செய்ததா, நோயாளி தானாகவே தேறினாரா என்று எண்களைப் பார்த்துச் சொல்வது அவன் வேலை. "என்னை யாரும் கூப்பிடல. என் மூளையை மட்டும் நம்பி நானா வந்தேன்" என்று சர்க்கரை போடாத தேநீரை உயர்த்திப் பிடித்து அவன் சொன்னான்.

விஷயம் ஆரம்பித்து ஐந்து வருடம் ஆகிறது. செவ்வாய்தோறும் வரும் துறைச் செய்தி மடலின் முதல் பக்கத்தில் யாருக்கு என்ன விருது, யாருடைய கட்டுரை எங்கே வந்தது என்ற செய்திகள் இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. எல்லோரும் படிப்பது கடைசிப் பக்கத்து வேலைவாய்ப்பை. கல்லீரல் ஆய்வகத் தலைவர் தன் மச்சானை உள்ளே இழுத்துப் போட நினைத்து, மச்சானைத் தவிர வேறு ஒருவரும் விண்ணப்பிக்க முடியாதபடி விளம்பரம் கொடுத்தார்: செல் வளர்ப்பில் நான்கரை வருட அனுபவம், இடது கைப் பழக்கம், ஆரஞ்சைத் தோல் அறாமல் ஒரே சுருளாக உரிக்கும் திறன். மடல் வந்த அன்றே மச்சான் மனம் மாறி செல்போன் கடை வைக்கப் போய்விட்டான். புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு இடது கையில் ஆரஞ்சுடன் வேறொருவர் வந்து நின்றார். அவரை உள்ளே விட்டதாக வாயில் காவலருக்கு நினைவில்லை. செருப்பில் தூசி இல்லை. சான்றிதழ்கள் இன்னும் சூடாக இருந்தன. வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் படித்த பள்ளி, கூடப் பிறந்தவர்கள் என்று எதைக் கேட்டாலும் "அதை யாரும் கேட்கலையே" என்று பணிவாகப் பதில் சொன்னார். இரண்டு வருட ஒப்பந்தம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு முடிந்தது. "அந்தத் தட்டை மட்டும்..." என்று பேசிக்கொண்டே படியிறங்கியவர் திருப்பத்துக்கு அப்பால் வரவில்லை. எட்டாவது படியில் அடையாள அட்டை கிடந்தது. மூன்று மாதம் கழித்து அதே விளம்பரத்தைத் திரும்ப அச்சிட்டார்கள். புதன்கிழமை அவரே மறுபடி வந்து, "...வெளிச்சத்துல வைக்காதீங்க" என்று வாக்கியத்தை முடித்தார். அவருக்கு ஆரஞ்சு என்ற பெயர் நிலைத்தது.

அதன்பிறகு மற்ற ஆய்வகங்களும் இதே மாதிரி விளம்பரம் கொடுக்க, இப்படிப் பதினொரு பேர் வந்தார்கள். ஆட்கள் நல்லவர்கள், விடுப்பும் கேட்பதில்லை. கெட்டுப்போனது மற்றவர்களுடைய நிம்மதிதான். யார் பிறந்தவர், யார் அச்சானவர் என்று தெரியாமல் மூன்றாம் மாடி முழுக்க ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். சாப்பாட்டு மேசையில் பேச்சோடு பேச்சாக அடுத்தவருடைய சிறுவயதை விசாரித்தார்கள். நிஜமாகவே சிறுவயது உள்ளவர்கள்கூட அதை வீட்டில் ஒத்திகை பார்த்துவிட்டு வந்ததால் சந்தேகம் இன்னும் முற்றியது. ரத்தவியல் பேராசிரியை அத்தாட்சியாகத் தன் அம்மாவையே கூட்டி வந்து காட்டினார். அந்த அம்மா எந்த வார மடலில் வந்தார் என்று நான்கு பேர் தேடினார்கள்.

இதில் எல்லாம் மிகவும் குதூகலமாக இருந்தவன் புள்ளி. மடலைத் தொகுப்பவளே அவன் மனைவி என்பதால் கிண்டல் வீட்டிலும் தொடர்ந்தது. "சட்டைக்கு அளவெடுக்கிற மாதிரி ஆளுக்கு அளவெடுத்து விளம்பரம் எழுதறானுங்க, வெட்கம் கெட்டவனுங்க" என்பான். அவள் எழுத்துப்பிழை திருத்திக்கொண்டே, "சாப்பிட வாங்க" என்பாள். நான்கு வயது மகள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து தட்டைத் தட்டுவாள்.

புள்ளியின் ஏழு வருட ஒப்பந்தம் முடிய இரண்டு வாரம் இருந்தபோது, உணவகத்தில் ஆரஞ்சு சாதாரணமாகக் கேட்டார்: "சார், உங்க அம்மா எப்படி இருப்பாங்க?" புள்ளி வாயைத் திறந்தான். "அதை யாரும் கேட்கலையே" என்றது வாய். தேநீர் ஆறும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை. ஆரஞ்சு மட்டும் எழுந்து வந்து அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அவன் நேராக மனைவியின் அறைக்குப் போனான். மடல்களின் தொகுப்புகள் அலமாரியில் வருடவாரியாக நின்றன. ஒரு வருடம் மட்டும் அச்சு இயந்திரத்தின் காலுக்கு அடியில் கிடந்தது. ஆடுகிறது, முட்டுக்கு வைத்திருக்கிறேன் என்று அவள் பல நாள் சொன்னதுதான். இயந்திரத்தைத் தூக்கி உருவினான். அப்போதும் இயந்திரம் ஆடவில்லை. ஏழு வருடத்துக்கு முந்தைய கடைசிப் பக்கத்தில் இருந்தது: புள்ளியியலாளர் தேவை. வலது காதுக்குப் பின்னால் மச்சம். சர்க்கரை இல்லாத தேநீர். சிரிக்கும்போது முதலில் மூக்கு சிரிக்க வேண்டும். மடல் தொகுப்பவரிடம் தினமும் "சாப்பிட்டியா" என்று கேட்பது அவசியம்.

"கடைசிப் பக்கத்துல ரெண்டு அங்குலம் காலியா இருந்துச்சு" என்றாள் அவள், கதவருகில் நின்று. "விளையாட்டாத்தான் எழுதினேன். புதன்கிழமை நீங்க வந்து, சாப்பிட்டியான்னு கேட்டீங்க."

"அப்போ நான் முழுக்க நீ எழுதினதா?"

"அந்தத் தற்பெருமை நான் எழுதலப்பா. அது நீங்களா கொண்டுவந்தது."

நிர்வாகத்தில் விசாரித்தான். நீட்டிப்புக்கு வழியில்லை, பணியிடத்தை மறுபடி விளம்பரம்தான் செய்ய முடியும் என்றார்கள். வாசகத்தைச் சம்பந்தப்பட்ட பிரிவே எழுதித் தரலாம். அந்தப் பிரிவில் இருந்தது அவன் ஒருவன்தான். ஒப்பந்தம் முடியும் வெள்ளிக்கிழமை ஐந்தேகால் மணிக்குக் குழந்தைக் காப்பகத்திலிருந்து மகளை அழைத்துவருவது அவன் முறை. அந்த நேரத்தில், தான் எட்டாவது படியில் ஓர் அட்டையாகக் கிடப்பதை நினைத்துப் பார்த்தான். திங்கட்கிழமை மத்தியானம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன் நின்று மச்சத்தை அளந்தான். நான்கு மில்லிமீட்டர். எழுதினான். தேநீரை எழுதினான், மூக்கை எழுதினான், நான்கு வயதுப் பெண் குழந்தை பார்த்ததும் ஓடி வரக்கூடியவராக இருக்க வேண்டும் என்று எழுதினான். கொஞ்சம் யோசித்து, ஒன்பது வயதில் மரத்திலிருந்து விழுந்த தழும்பும் அப்போது திட்டிக்கொண்டே தூக்கிய ஓர் அம்மாவும் விரும்பத்தக்க கூடுதல் தகுதி என்று சேர்த்தான். மனைவி பிழை திருத்தினாள். பிழை இல்லை. கடைசியில் தன் கையால் "தற்பெருமை அவசியம்" என்று ஒரு வரி போட்டாள்.

மடல் செவ்வாயன்று வந்தது. புதன்கிழமை காலை அவனுடைய இடது முழங்கால் அரித்தது. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குப் படியிறங்கினான். மேலே பாதித் துறை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. திருப்பத்தைத் தாண்டிச் செருப்புச் சத்தம் ஒன்பது, பத்து என்று கேட்டது. எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள்.

காப்பகத்திலிருந்து வரும் வழியில் அவன் காற்சட்டையைச் சுருட்டி முழங்காலைச் சொறிய, மகள் அங்கிருந்த தழும்பைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது எப்போ விழுந்தது?"

"சின்ன வயசுல, மரத்துல இருந்து. உங்க பாட்டி அன்னிக்குத் திட்டின திட்டு இருக்கே!"

"வலிச்சுதாப்பா?"

"அந்தத் தெருவுலேயே என்னை மாதிரி உயரத்துல இருந்து எவனும் விழுந்ததில்ல" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "ரொம்ப வலிச்சுது" என்றான். வலித்திருந்தது.