வித்துவானின் பல்செட்டு

பந்தல்குடி சண்முகவேலின் நாதஸ்வரம் இல்லாத திருவிழாவை அந்தப் பக்கத்து ஜனங்கள் திருவிழா என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டாம் வருஷம் தை மாதம், மேல்வரிசையில் நான்கு பல் ஆட்டம் கண்டது. மதுரையில் ஒரு டாக்டர் நான்கையும் பிடுங்கிப் போட்டுவிட்டார். நாதஸ்வரக்காரருக்கு முன்பல் போனால் மேலுதடு உள்ளே போய்விடும். வாயில் வைத்து ஊதுகிற சீவாளி நிற்காது. திருச்சுழிக் கோயிலிலோ பங்குனித் திருவிழாவுக்கு ஊத ஒப்புக்கொண்டு வெற்றிலை பாக்கு வாங்கியாகிவிட்டது.

விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அந்த டாக்டர். இன்னொருத்தி சௌடம்மாள்.

சௌடம்மாள் அருப்புக்கோட்டையில் தறி நெய்கிற குடும்பத்துப் பெண். வீட்டில் கன்னடம், வாசலைத் தாண்டினால் தமிழ். ஏழு வருஷத்துக்கு முன்னால் வித்துவான் ஒரே தேதிக்கு இரண்டு ஊரில் வாக்குக் கொடுத்துவிட்டு முழித்தபோது, இரண்டு ஊர்க்காரர்களும் மனம் கோணாதபடி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள். அன்றிலிருந்து அவள்தான் காரியதரிசி. தேதி, கடிதம், ரயில் டிக்கெட், மேடையில் சுருதிப்பெட்டி எல்லாம் அவள் கைதான். அதோடு நின்றதா என்றால் இல்லை. அவர்களுக்குள் இருந்தது காதல். வேறு பெயர் வைத்து மழுப்ப வேண்டியதில்லை. ஊர் பேசியது. ஊருக்கு வேறு என்ன வேலை? வித்துவானின் மனைவி முத்துத்தாய்க்கும் தெரியும். முதலில் சண்டை போட்டாள், பிறகு ஓய்ந்து, மழை பெய்யாத வருஷத்தைப் போல அதையும் ஏற்றுக்கொண்டாள்.

சௌடம்மாளுக்குத் தாலி இல்லை. நோட்டீஸில் பெயர் இல்லை. கோயில் மரியாதை வரும்போது சுருதிப்பெட்டியை அணைத்துக்கொண்டு ஓரமாக நகர்ந்துவிடுவாள். அதற்காக அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

மாசியில் பல்செட்டு வந்தது. பாலவனத்தம் தாண்டி, கருவேல மரங்களைத் தவிர கேட்க ஆளில்லாத ஒரு கண்மாய்க் கரையில் சாதகம் தொடங்கியது. முதல் நாள் நாதஸ்வரத்திலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. இரண்டாம் நாள் செட்டு கழன்று நாக்கில் விழுந்தது. அவர் அதைக் கையில் எடுத்தார், அவளைப் பார்த்தார், பொக்கை வாயோடு சிரித்தார்.

"எம் முன்னால இப்பிடி நிக்கிறதுக்கு உங்களுக்கு வெக்கமா இல்லையா?"

"உங்கிட்ட என்ன வெக்கம், சௌடம்மா. இந்த வாயை உனக்கு மட்டுந்தான் காட்டுவேன்."

அந்த வார்த்தையை அவள் நகையைப் போலப் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டாள். ஊதி முடித்ததும் பல்செட்டைக் கழற்றித் தண்ணீரில் போட மூடி போட்ட எவர்சில்வர் கிளாஸ் ஒன்று வாங்கி, எப்போதும் தன் பையிலேயே வைத்திருந்தாள். பங்குனி பிறப்பதற்குள் நாதம் பழையபடி நிமிர்ந்துவிட்டது.

வாய் திறக்காததற்கு வீட்டில் வித்துவான் சொல்லியிருந்த காரணம் மௌன விரதம். சொன்னார் என்றுகூடச் சொல்ல முடியாது, சிலேட்டில் எழுதிக் காட்டினார். செட்டு வந்த பிறகும் விரதம் முடியவில்லை. அதைப் போட்டுக்கொண்டு அவரால் சாப்பிட முடியாது. கழற்றினால் முத்துத்தாய் பார்த்துவிடுவாள். அதனால் துண்டால் வாயை மூடிக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார். நாலாயிரம் பேர் எதிரே அஞ்சாமல் ஊதுகிற மனிதருக்குச் சொந்த மனைவியிடம் இப்படி ஒரு பயம்.

திருவிழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது முத்துத்தாய் மத்தியான பஸ்ஸில் அருப்புக்கோட்டைக்கு வந்து சௌடம்மாள் வீட்டுக் கதவைத் தட்டினாள். இந்த ஏழு வருஷத்தில் அவள் அந்த வீட்டுக்கு வந்ததில்லை.

"சண்டைக்கு வரலைத்தா," என்றாள். "இருபத்தாறு வருசத்துல அவுக எங்கிட்ட இப்பிடி முகந்திருப்பி உக்காந்ததில்ல. உங்கூட இருந்தப்பவும் வீட்டுக்கு வந்தா எங்கூடச் சிரிச்சுப் பேசத்தான் செஞ்சாக. இப்ப அதுவும் இல்ல. எம் மூஞ்சியப் பாத்துச் சோறு திங்கப் பிடிக்கல அவுகளுக்கு. நான் காரியாபட்டிக்கு எந் தம்பி வீட்டுக்குப் போறேன். திருவிழா முடியட்டும். சாவிய உங்கிட்டக் குடுத்திட்டுப் போகலாம்னு வந்தேன்."

சாவிக்கொத்து பாயின்மேல் கிடந்தது. சௌடம்மாள் அதையே பார்த்தாள். ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் போதும், அந்த வீடு அவளுடையது, வீட்டுக்காரரும் அவளுடையவர். பேசினாலோ, அவர் தனக்கு மட்டும் என்று கொடுத்தது போய்விடும். அவளும் மனுஷிதானே. எழுந்துபோய்க் குடத்திலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டு குடித்தாள். அப்புறம் பைக்குள் கைவிட்டு அந்தக் காலிக் கிளாஸை எடுத்து முத்துத்தாய் முன்னால் வைத்தாள்.

"அக்கா, அவுகளுக்கு முன்பல்லு நாலும் போச்சு. வேற ஒண்ணுமில்ல."

எல்லாவற்றையும் சொன்னாள். "கச்சேரி முடிஞ்சா ஈறு எரியும். உடனே கழட்டி இதுல போடணும். பச்சைத் தண்ணிதான். வெந்நி பட்டா கோணிரும்."

முத்துத்தாய்க்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. "இம்புட்டுத்தானா," என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டவள் சட்டென்று கேட்டாள்: "உங்கிட்ட மட்டும் எப்பிடிக் காட்டுனாக?"

"டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனதே நாந்தானே அக்கா. காரியதரிசிகிட்ட மறைச்சா வேலை நடக்குமா?"

முத்துத்தாய் சாவிக்கொத்தோடு கிளாஸையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். திருவிழா வரைக்கும் வீட்டில் அவள் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

திருச்சுழியில் அன்று சண்முகவேல் ஊதியதைக் கேட்டவர்கள் அதைப் பற்றி வெகுகாலம் பேசினார்கள். தோடி ராகத்தை எடுத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் கீழே இறக்கவே இல்லை. ஒரு இடத்திலும் காற்றுப் பிசகவில்லை. பக்கத்தில் சுருதிப்பெட்டியை அழுத்திக்கொண்டிருந்த சௌடம்மாளுக்குத் தன் ஆளை நினைத்துப் பெருமை தாங்க முடியவில்லை.

கச்சேரி முடிந்து துண்டால் வாயை மூடிக்கொண்டு பந்தலுக்குப் பின்னால் வந்தவர், வழக்கம்போல அவள் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். அவளிடம் கிளாஸ் இல்லை. அது முத்துத்தாயின் கையில் இருந்தது.

"துண்டை எடுங்க," என்றாள் முத்துத்தாய். "இருபத்தாறு வருசமாப் பாத்த வாய்தான."

அவர் திகைத்துப்போய் சௌடம்மாளைப் பார்த்தார். அவள் குனிந்து சுருதிப்பெட்டிக்கு உறை போட்டுக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் கழற்றினார். முத்துத்தாய் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்க, அவரும் பொக்கை வாயைத் திறந்து சிரித்துவிட்டார்.

ஒரு வாரம் கழித்துக் கடிதங்களைப் பார்க்க அருப்புக்கோட்டைக்கு வந்தவர், ஒன்றையும் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"ஏன் சொன்னே? உனக்குன்னு நான் குடுத்தது அது ஒண்ணுதானே."

"எங்கிட்ட இருந்ததும் அது ஒண்ணுதான். அக்காவுக்கு அதைத்தான் குடுக்க முடிஞ்சுது."

அவர் பல்செட்டைக் கழற்றிக் கடிதங்களின்மேல் வைத்தார். மனைவி பார்த்துச் சிரித்த அந்தப் பொக்கை வாய் கோணிக்கொண்டு போக, குழந்தையைப் போல அழுதார். சௌடம்மாள் அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அந்த வாய் சிரித்துப் பார்த்தவர்கள் இப்போது இரண்டு பேர். அழுது பார்த்தவள் அவள் ஒருத்திதான்.