நகத்தளவு நம்பர் பிளேட்

"ஸ்டிக்கர் கடை இதுதானா?" என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் மேல் மலர்கொடிக்கு எப்போதுமே ஓர் இளக்காரம் உண்டு. பைக் டேங்கில் தேள் படம் ஒட்டுகிற வேலையில்லை அவளுடையது. பொம்மை அளவில் செய்த பஸ்ஸுக்கும் லாரிக்கும் அசல் வண்டியில் இருக்கிற எழுத்து, படம், கோடு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் வரைந்து, அதற்கென்றே வருகிற தாளில் அச்செடுத்து, மேலே வார்னிஷ் அடித்துக் காயவிடுவாள். தண்ணீரில் ஊறப்போட்டால் தாள் கழன்று படம் மட்டும் வெங்காயத் தோல் மாதிரி நழுவி வரும். அதைத் தூரிகையால் தள்ளி வண்டிமேல் உட்காரவைப்பாள். காய்ந்தபின் பார்த்தால் பெயின்டர் கையால் எழுதியது போலிருக்கும். பெரம்பலூரில் இதைச் செய்ய அவளை விட்டால் வேறு ஆள் கிடையாது.

அரியலூர் ராஜராஜனும் அப்படித்தான் கேட்டுக்கொண்டு வந்தார். சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரிகளின் ஓனர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, காலரில் வியர்வை படாதிருக்கக் கைக்குட்டை. கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு டிப்பர் பொம்மை, வெறும் மஞ்சள் பெயின்ட்டோடு.

"நம்ம வண்டியில இருக்கிறதெல்லாம் இதுல வரணும்மா. சாலைப் பாதுகாப்பு விழா வருது. லாரி ஓனருங்க நாங்கதான் நடத்துறோம். மேடையில வைக்கப் போறேன்."

சாலைப் பாதுகாப்பாம். சிரிப்புக்குச் சொல்கிறாரோ என்று மலர்கொடி அவர் முகத்தைப் பார்த்தாள். இல்லை, மெய்யாகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

போனில் லாரியின் படங்களை அனுப்பினார். பின்கதவில் தோகை விரித்த மயில். அதற்குக் கீழே நம்பர் பிளேட், சேறு அப்பி ஓர் எழுத்துகூடத் தெரியாமல்.

மலர்கொடி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். போன வருஷம் விக்கிரமங்கலம் ரோட்டில் அவள் அக்கா அம்பிகாவின் ஸ்கூட்டியை ஒரு டிப்பர் இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போனது. ரோட்டில் கிடந்தபடி அம்பிகா பார்த்தது ஒரு மயிலையும் சேறு பூசிய பிளேட்டையும்தான். இடது முழங்கால் இன்னும் மடங்காது. ராஜராஜன் வண்டிதான் என்று அந்தப் பக்கத்தில் எல்லாரும் சொன்னார்கள். அப்பா போய்க் கேட்டபோது நாற்காலியை விட்டுக்கூட எழாமல், "மயில் போட்ட லாரி ஊரு பூரா ஓடுது. நம்பர் இருந்தா கொண்டாங்க, பாப்போம்" என்று அனுப்பிவிட்டார் இந்த மனிதர். இன்னார் மகள் என்று தெரியாமல் இப்போது அவள் எதிரிலேயே உட்கார்ந்து விசிறிக்கொண்டிருக்கிறார்.

"எல்லாம் அச்சு அசலா இருக்கணுங்களா?" என்று கேட்டாள்.

"ஒரு புள்ளி மாறக்கூடாது."

"சரிங்க. போட்டோவுல இருக்கிறபடியே செஞ்சுடுறேன்."

மயில் சுலபமாக முடிந்தது. சேறுதான் வேலை வாங்கியது. நகத்தளவு பிளேட்டில் முதலில் ஏதோ ஒரு நம்பரை ஒட்டினாள். சுரங்கத்துச் சேற்றின் சாம்பல் மஞ்சளைத் தேடிப் பிடித்து அச்செடுத்து, அதன்மேல் நம்பர் தெரியாதபடி ஒட்டினாள். அம்பிகா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

"இது அந்தாளுக்கு ஒறைக்குமாடி?"

"அந்தாளுக்கு எங்க ஒறைக்கும்? மேடையில பெரிய மனுஷங்க இருப்பாங்கல்ல, அவங்களுக்கு ஒறைக்கும்."

அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. மேடையில் பட்டுத்துணி விரித்த மேஜைமேல் லாரி. சிறப்பு விருந்தினராக வந்திருந்த போக்குவரத்து அதிகாரி அதைக் கையில் எடுத்துத் திருப்பி, பின்பக்கத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். முன்வரிசையில் மலர்கொடி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அடடா! சேறு கூட அப்படியே இருக்கே!" என்றார் அவர் மைக்கில்.

மண்டபமே கைதட்டியது. "ஒழைக்கிற வண்டிங்க சார், சேறு இல்லாம இருக்குமா?" என்றார் ராஜராஜன். இன்னும் பலமாகத் தட்டினார்கள். பிறகு எல்லா ஓனர்களும் எழுந்து கை நீட்டி, சாலை விதிகளை மதிப்போம் என்று உறுதிமொழி எடுத்தார்கள். பாதிப் பேர் ஒரு கையில் போனைப் பார்த்துக்கொண்டே எடுத்தார்கள். இவர்களுக்கா உறைக்கும் என்று நினைத்தோம் என்று மலர்கொடிக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். "என் ஜீப்பையும் இதே மாதிரி செஞ்சு குடும்மா" என்றார் அதிகாரி.

"நம்பர் தெரியிற மாதிரிங்களா, தெரியாத மாதிரிங்களா?"

"தெரியிற மாதிரிதாம்மா. நான் என்ன டிப்பரா ஓட்டுறேன்?" என்று சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார்.

மலர்கொடி ராஜராஜன் பக்கம் திரும்பினாள். "நம்பர் இருந்தா கொண்டாங்கன்னு எங்கப்பாவ வெரட்டிவுட்டீங்களே, ஞாபகம் இருக்குதுங்களா? விக்கிரமங்கலம் ரோட்டுல இந்த லாரி இடிச்சது எங்கக்காவ."

அவர் முகத்துச் சிரிப்பு கலையவே இல்லை. "அட, அந்தப் பொண்ணா? பாவம், இப்ப நல்லா நடக்குதா?" என்று கரிசனமாக விசாரித்தார். அடுத்த ஆளுக்குச் சால்வை போடத் திரும்பிக்கொண்டார்.

மலர்கொடி சால்வையைக் கழற்றி மேஜைமேல் போட்டுவிட்டு இறங்கிப் பஸ் ஏறினாள்.

வீட்டில் நடந்ததைச் சொன்னபோது அம்பிகா காலை நீட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "இல்லன்னுகூடச் சொல்லலையா? அப்ப அவன் வண்டிதான்னு அவனுக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கு."

"தெரிஞ்சிருக்கு."

"அந்த ஆபீசர் பக்கத்துலதான இருந்தாரு? காதுல விழுந்திருக்குமே?"

"விழுந்திருக்கும். கழுத்துல போட்ட மாலையோட ஜரிகைய நோண்டிக்கிட்டு நின்னாரு."

அம்பிகா மடங்காத முழங்காலைத் தடவிக்கொண்டாள். பிறகு, "அவருக்கு ஜீப்பு செஞ்சு குடுத்துடாத" என்றாள்.

"வேற வேலையில்லயா எனக்கு" என்றாள் மலர்கொடி.